ஒரு அடி ஸ்கேலும் ஒரு முழங்காலும்: நரம்பு மண்டலத்தை உங்கள் உடம்பிலேயே படிப்பது எப்படி

பிசியோதெரபி படித்த காலத்தில் ஒரு செய்முறைத் தேர்வில் நான் ஃபெயில் ஆனேன். காரணம் ஒரு முழங்கால். அனிச்சைச் செயல் எப்படி நடக்கிறது என்று தேர்வாளர் கேட்டார். உணர்வு நரம்பு, தண்டுவடம், இயக்க நரம்பு, தசை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "சரி, தட்டிக் காட்டு" என்று சுத்தியலை நீட்டினார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் முழங்காலில் தட்டினேன். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். அவர் "ஆ" என்றார், கால் மட்டும் அப்படியே இருந்தது. நான் தட்டிக்கொண்டிருந்தது முட்டிச் சில்லின் மேல், எலும்பில். படத்தில் அம்புக்குறி போட்டிருந்த இடம் நிஜக் காலில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வாரம் புத்தகம் கிடையாது. ஒரு அடி ஸ்கேல், ஒரு ஜெம் கிளிப், நொடி முள் உள்ள ஒரு கடிகாரம், கூட ஒரு ஆள். இவ்வளவுதான். உங்களுக்கும் அதுவே போதும். எல்லாச் சோதனையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? நரம்பு மண்டலம் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் முடியும்.

முதலில் நரம்பைக் கண்டுபிடியுங்கள்

புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊசி போடுபவர்கூட "நரம்பு கிடைக்கலையே" என்பார். அது சிரை, இரத்தக் குழாய். முஷ்டியை இறுக்கி மணிக்கட்டை மடக்கினால் கயிறு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதுவும் நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அது. "நரம்பு சுண்டி இழுக்குது" என்று வருபவர்களில் பாதிப் பேருக்குப் பிடித்திருப்பது தசை. இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சாமான்களைப் போட்டு வைத்திருப்பதால் எனக்கு ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் போகிறது.

நிஜ நரம்பு வெளிர் நிறத்தில், பெரும்பாலும் சதைக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கும். கையால் தொட்டுப் பார்க்க வசதியான இடம் முழங்கை. கையை மடக்குங்கள். உடம்பை ஒட்டிய பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பின்னால் முழங்கையின் கூர்முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். மறு கையின் விரலை அதில் வைத்து மெல்ல உருட்டினால் ஒரு வழவழப்பான கயிறு விரலுக்கடியில் நழுவும். அதுதான் அல்னார் நரம்பு. கொஞ்சம் அழுத்தினால் சுண்டு விரலிலும் மோதிர விரலில் பாதியிலும் சுரீர் என்கும். கதவில் முழங்கை இடித்து மின்சாரம் அடித்தது போல ஆகுமே, அது இந்த நரம்பின் வேலை. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்ப நசுக்காதீர்கள்.

தொட்டது முழங்கையை, கூசியது சுண்டு விரல். ஏன்? அந்த நரம்பில் வரும் சேதிக்கு "இடம்: முழங்கை" என்று முகவரி எழுதப்படுவதில்லை. எந்த இழை வழியாக வந்தது என்பதை வைத்தே மூளை இடத்தை முடிவு செய்கிறது. சுண்டு விரலிலிருந்து வரும் இழை துடித்தால், நடுவழியில் யார் தட்டினாலும், அது சுண்டு விரல்தான். இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு ஒன்று நரம்பின் வேரை அழுத்தும்போது கெண்டைக்காலில் வலிப்பதும் இதனால்தான். "முதுகில் ஒன்றும் இல்லை, காலைப் பாருங்கள்" என்று வாதாடுபவர்களை முழங்கையைத் தொட வைத்துத்தான் சமாதானப்படுத்துகிறேன்.

ஸ்கேலை விடுங்கள், பிடியுங்கள்

கையை மேசை ஓரத்தில் ஊன்றி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு அங்குலம் விரித்து வையுங்கள். கூட இருப்பவர் ஸ்கேலின் 30 முனையைப் பிடித்து, பூஜ்ஜியம் உங்கள் விரல்களுக்கு நடுவே வருமாறு தொங்கவிட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். கட்டை விரலின் மேல் விளிம்பில் எந்த எண் என்று பாருங்கள். பத்து முறை செய்து, முதல் மூன்றைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள்.

10 செ.மீ. என்றால் 0.14 நொடி. 15 என்றால் 0.175. 20 என்றால் 0.20. 25 என்றால் 0.23. மற்ற எண்களுக்கு, தூரத்தை மீட்டரில் எழுதி இரண்டால் பெருக்கி 9.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் 15-க்கும் 22-க்கும் நடுவில் பிடிப்பார்கள். 5 செ.மீ.யில் பிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் ஸ்கேலைப் பார்க்கவில்லை, விடுபவரின் முகத்தைப் பார்த்திருக்கிறார். என் மாணவர்களில் வகுப்புக்கு ஒருவராவது இப்படி மாட்டுவார்.

இப்போது அந்த 0.2 நொடி எங்கே போனது என்று பாருங்கள். கழுத்திலிருந்து கைத் தசை வரைக்கும் நரம்பு வழியாகச் சேதி ஓட 15 மில்லிநொடி போலத்தான் ஆகும், அதாவது 0.015 நொடி. மிச்சம்? கண்ணின் விழித்திரையில் ஒளி சேதியாக மாறுவதற்கே சில பத்து மில்லிநொடி. அப்புறம் பார்த்தது என்ன என்று புரிய, பிடி என்று முடிவாக, கட்டளை கிளம்ப, தசை இழுக்க. வழி கொஞ்சம், கூடிப் பேசுவதுதான் நிறைய.

இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஸ்கேலை விடும் அதே கணத்தில் அவர் மறு கையால் உங்கள் தோளைத் தொடட்டும். பார்த்துப் பிடித்ததைவிட வேகமாகப் பிடிப்பீர்கள், விழித்திரையின் தாமதம் கழிந்துவிட்டதே. அடுத்து இரண்டு ஸ்கேல், இரண்டு கை. எதை விடுவார் என்று தெரியாது, விழுவதை மட்டும் பிடிக்க வேண்டும். எண் சட்டென்று ஏறும், சில சமயம் ஸ்கேல் முழுசாகத் தரைக்குப் போய்விடும். நரம்பு நீளவில்லை, முடிவெடுக்கும் வேலை கூடியிருக்கிறது. இந்த மாதிரி ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து, எண்ணத்துக்கு எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்கலாம் என 1868-லேயே டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் காட்டினார்.

அதற்கும் இருபது வருடம் முன்னால் வரை நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்ற நம்பிக்கை இருந்தது. அப்படி எழுதியவர்களில் ஒருவர் அந்தக் காலத்தின் பெரிய உடலியல் ஆசான் யோஹான்னஸ் மியூல்லர். 1850-ல் அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை இரண்டு இடத்தில் தூண்டி, தசை சுருங்கும் நேர வித்தியாசத்தை அளந்துவிட்டார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மின்னல் வேகம் என்று நினைத்திருந்தது ஒரு ரயில் வேகத்துக்கு வந்து நின்றது.

கம்பி இல்லை, திரி

ஏன் இவ்வளவு மெதுவு? கம்பியில் மின்சாரம் பாய்வது போல நரம்பில் பாய்வதில்லை. ஓய்வில் இருக்கும் நரம்பு இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். வெளியே சோடியம் நிறைய, உள்ளே பொட்டாசியம் நிறைய. தூண்டல் வந்ததும் ஓரிடத்தில் சோடியக் கதவுகள் திறந்து, சோடியம் உள்ளே கொட்டும். உட்புறம் கொஞ்ச நேரம் நேர்மின்னாகிவிடும். உடனே அந்தக் கதவு அடைபடும், பொட்டாசியம் வெளியேறும், பழைய நிலை திரும்பும். எல்லாம் சேர்த்து ஒரு மில்லிநொடி அளவு. இதற்குள் பக்கத்து இடத்துக் கதவுகள் இந்தக் கலவரத்தில் திறந்திருக்கும். அப்புறம் அதற்கடுத்தது.

வெடித்திரியில் கனல் நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கனல்தான் போகிறது, திரி இருந்த இடத்தில் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: நரம்புத் திரி எரிந்து முடித்த சில மில்லிநொடியில் மறுபடி புதுத் திரியாகிவிடும். அந்தப் புதுப்பிப்புக்குத்தான் செல்லின் சுவரில் இருக்கும் பம்புகள், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடி, நாள் முழுக்க ஓடுகின்றன. உடம்பின் எடையில் சுமார் 2 சதவீதமே வரும் மூளை, உடம்பின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்பதில் பெரும் பங்கு இந்தக் கணக்கில்தான் போகிறது.

திரி பற்றும், அல்லது பற்றாது. பாதி பற்றுவது கிடையாது. அப்படியானால் மெல்லத் தொட்டதும் ஓங்கி அழுத்தியதும் எப்படி வேறுபட்டுத் தெரிகின்றன? அழுத்தினால் துடிப்பு பெரிதாவதில்லை, அடுத்தடுத்து அடிக்கடி வருகிறது. இன்னும் பல இழைகளும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. அவ்வளவுதான் நரம்பின் மொழி, ஒரே எழுத்து.

இந்தக் கதவு விவகாரத்தைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் கணவாய் மீனின் நரம்பில் அளந்து எழுதினார்கள், 1963-ல் நோபல் வந்தது. கணவாயை ஏன் பிடித்தார்கள் என்றால் அதன் ஒற்றை நரம்பு இழை அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும், உள்ளேயே மின்முனையைச் செருகலாம். கணவாய்க்கு அவ்வளவு தடி இழை எதற்கு? வேகத்துக்கு. இழை பருத்தால் வேகம் கூடும். நம் உடம்பு வேறு வழி கண்டது. இழையை மயலின் என்னும் கொழுப்பு உறையால் சுற்றி, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு இடைவெளி போல விட்டு, சேதியை இடைவெளிக்கு இடைவெளி தாவ வைத்தது. அதனால் சன்னமான இழையிலேயே நொடிக்கு 120 மீட்டர் வரை போக முடிகிறது. மயலின் ஆங்காங்கே அரிக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தசை நன்றாக இருந்தும் கால் தடுமாறுவது, பார்வை மங்குவது எல்லாம் இந்தத் தாவல் கெடுவதால்தான்.

ஆள் கூட்டம் கிடைத்தால் இந்த வேகத்தை நீங்களே அளக்கலாம். பதினைந்து இருபது பேர் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவர் கையும் அடுத்தவர் தோளில். தோள் அழுத்தப்பட்டதும் நீங்கள் அடுத்தவர் தோளை அழுத்த வேண்டும். ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். அப்புறம் தோளுக்குப் பதில் கணுக்கால். ஆரம்பத்தில் பழக்கத்தால் நேரம் குறைந்துகொண்டே வரும். அது நின்ற பிறகு தோளும் காலுமாக மாற்றி மாற்றி ஐந்தைந்து சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள். எங்கள் மாணவர்கள் பதினெட்டுப் பேர் செய்தபோது கணுக்கால் சுற்று 0.4 நொடி கூடுதலாக ஆனது. ஆளுக்கு 0.022 நொடி. கூடுதல் தூரம் சுமார் 1.2 மீட்டர். வகுத்தால் நொடிக்கு 54 மீட்டர் வருகிறது. லட்சக்கணக்கில் விலை போகும் கருவி தொடுவுணர்வு நரம்பில் காட்டும் எண்ணும் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இடித்த கால் விரல்

இதை வேண்டுமென்று செய்ய வேண்டாம், தானாக நடக்கும்போது கவனியுங்கள். இருட்டில் கட்டில் காலில் சுண்டு விரல் இடிக்கிறது. முதலில் இடித்தது தெரியும். உடனே கூர்மையான ஒரு வலி. அப்புறம் ஒரு சிறு இடைவெளி, "வரப் போகுது" என்று பல்லைக் கடிக்கும் அளவுக்கு நேரம். பிறகு எரிச்சலோடு அகலமாகப் பரவும் இரண்டாவது வலி. ஒரே இடியின் சேதி மூன்று சாலையில் வந்திருக்கிறது. தொடுவுணர்வு தடித்த இழையில் முதலில். கூர் வலி மெல்லிய மயலின் இழையில், நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சல் வலி உறையே இல்லாத சன்ன இழையில், நொடிக்கு ஒரு மீட்டர் சுமார். பாதத்திலிருந்து தண்டுவடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வழி, ஆகவே ஒரு நொடி. அந்த இடைவெளியை நீங்கள் எண்ணலாம்.

அந்த நேரத்தில் கை தானாகப் போய் விரலைத் தேய்க்கும். அதில் அர்த்தம் இருக்கிறது. தேய்ப்பது தடித்த தொடு இழைகளைத் துடிக்க வைக்கிறது. தண்டுவடத்தில் அவை வலிச் சேதி மேலே போகும் வாசலைக் கொஞ்சம் சாத்துகின்றன. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கருத்து இது. விவரங்களில் பின்னால் திருத்தங்கள் வந்தாலும் நாங்கள் வலிக்கு வைக்கும், தோல் வழியாக லேசாக மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவி இன்றும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

முழங்கால், இந்த முறை சரியாக

என்னைக் கவிழ்த்த சோதனை. உயரமான மேசையில் பாதம் தரையில் படாமல் உட்கார வைக்க வேண்டும். மேசை இல்லையென்றால் கால் மேல் கால் போடச் சொல்லுங்கள். முட்டிச் சில்லின் கீழ் விளிம்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, இரு பக்கமும் மெத்தென்று பள்ளம். அந்தப் பட்டைதான் தட்ட வேண்டிய தசைநாண். சில்லில் தட்டக் கூடாது, மேட்டிலும் தட்டக் கூடாது. உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க ஓரத்தால், மணிக்கட்டைத் தளர்த்தி, சுருக்கென்று ஒரு தட்டு. ஓங்க வேண்டாம், வேகம்தான் வேண்டும். மறு கையை அவர் தொடை மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால் எழும்பாவிட்டாலும் தொடைத் தசை துள்ளுவது உள்ளங்கையில் தெரியும்.

வரவில்லையா? பெரும்பாலும் அவர் காலைப் பார்த்துக்கொண்டு இறுக்கி வைத்திருப்பார். இரண்டு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்து, நெஞ்சுக்கு முன்னால் வைத்துப் பிரிக்கிற மாதிரி இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் அந்த நொடியில் தட்டுங்கள். கால் துள்ளும். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரி மருத்துவரின் உத்தி இது. அன்று இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்... சரி, விடுங்கள். தட்டிய இடமே தப்பு, உத்தி என்ன செய்யும்.

நடப்பது இதுதான். தட்டியதும் தசைநாண் ஒரு இம்மி உள்ளே போகிறது, அதனால் தொடைத் தசை ஒரு இம்மி நீள்கிறது. தசைக்குள் இருக்கும் கதிர் வடிவ உணர்விகள் அந்த நீட்சியைக் கண்டு சேதி அனுப்புகின்றன. உடம்பிலேயே வேகமான இழைகளில் ஏறி, தண்டுவடத்தின் இடுப்புப் பகுதிக்கு வந்து, அங்கே நேராக இயக்க நரம்பு செல்லைத் தொடுகிறது. நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதியைக் கைமாற்றும் இடம். அந்தச் செல் "சுருங்கு" என்கிறது. 20, 30 மில்லிநொடிக்குள் தசை துடிக்கத் தொடங்கிவிடும். ஸ்கேலுக்கு 200 ஆனது நினைவிருக்கிறதா? இங்கே கூடிப் பேச்சே இல்லை. கிளைச் சேதி ஒன்று இடைத்தரகு நரம்பு ஒன்றின் வழியாகப் பின்தொடைத் தசைக்கு "நீ தளர்ந்துகொள்" என்றும் சொல்லிவிடுகிறது, இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். மூளைக்குச் செய்தி போகும், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. "கால் எழும்பிவிட்டது" என்று நாம் உணர்வது பழைய செய்தி.

இது டாக்டர்கள் தட்டிப் பார்ப்பதற்காக வந்ததில்லை. நிற்கும்போது முழங்கால் ஒரு துளி மடங்கினாலும் தொடைத் தசை நீளும், மேலே கேட்டுக்கொண்டிருந்தால் விழுந்துவிடுவோம். அதனால் முதல் உதவி உள்ளூரிலேயே. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை, மேலேயிருந்து ஒரு பிரேக்கை எப்போதும் லேசாக மிதித்தபடி இருக்கிறது. பக்கவாதத்திலோ தண்டுவடக் காயத்திலோ அந்தப் பிரேக் போய்விட்டால் சில வாரங்களில் கால் அளவுக்கு மீறித் துள்ளும். "தொட்டாலே கால் துள்ளுது, தெம்பு வந்திருச்சு" என்று வீட்டார் சந்தோஷமாகச் சொல்லும்போது என் வேலையின் மிகக் கஷ்டமான ஐந்து நிமிடம் தொடங்குகிறது. நேர்மாறாக, பல வருடச் சர்க்கரை நோயில் நீண்ட இழைகள் முதலில் கெடுவதால், கணுக்கால் அனிச்சை குன்றிப் போகும். மரத்துப்போவதும் பாதத்தில்தான் ஆரம்பிக்கும். வீட்டில் தட்டிப் பார்த்து மெதுவாகத் துள்ளியது என்று கவலைப்படாதீர்கள், பலருக்கு இயல்பாகவே அப்படித்தான். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

சின்னச் சோதனைகள் இரண்டு

ஜெம் கிளிப்பை ஆங்கில 'யூ' போல விரித்து, முனைகளை 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து விரல் நுனியில் தொடச் சொல்லுங்கள், கண் மூடியபடி. இரண்டு முனை என்று தெரியும். அதையே முதுகில் வைத்தால் ஒன்றுதான் தெரியும். முனைகளை 4 செ.மீ. அளவுக்கு விரித்தால்தான் முதுகுக்கு இரண்டாகும். விரல் நுனியில் உணர்விகள் நெருக்கம், மூளையில் அதற்கான இடமும் அதிகம். முதுகுக்கு ஒதுக்கியது ஒரு மூலை.

இன்னொன்று இன்னும் எளிது. கையை நீட்டி, கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். தலையை அசைக்காமல் விரலைப் படபடவென்று இடமும் வலமுமாக ஆட்டுங்கள். நகம் கலங்கிப் போகும். இப்போது விரலை நிறுத்தி, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். நகத்தின் கோடுகூடத் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அசைவுதானே? முதலாவதில் கண் பார்த்து, புரிந்து, துரத்த வேண்டும், 100 மில்லிநொடி தாமதம். இரண்டாவதில் உள் காதின் அரைவட்டக் குழாய்கள் தலை திரும்பியதைச் சொல்ல, மூன்றே நரம்பு செல் தாண்டி, 10 மில்லிநொடி அளவில் கண் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. நடந்துகொண்டே பலகை படிக்க முடிவது இதனால். தலைசுற்றலோடு வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

நீங்கள் கேட்காமலே ஓடும் பகுதி

மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் நாடியைப் பிடித்து, ஐந்து நொடி மூச்சை இழுத்து, ஐந்து நொடி விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது நிதானிக்கும். இளம் வயதில் நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். முகுளத்திலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, இதயத்தின் மேல் வைத்திருக்கும் பிடியை ஒவ்வொரு மூச்சிலும் தளர்த்தி இறுக்குவதுதான் அது.

அந்த நரம்பு எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1921-ல் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் ஆய்வாளர் ஒரு சோதனையைக் கனவில் கண்டு, பாதித் தூக்கத்தில் எழுதி வைத்தாராம். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. மறு இரவு அதே கனவு மறுபடி வர, இந்த முறை எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். அவரே சொன்ன கதை. ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அது மிதந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் குறைந்தது. நரம்பின் முனை மின்சாரத்தால் பேசவில்லை, ஒரு வேதிப்பொருளைச் சிந்திப் பேசுகிறது என்பது அப்போது தெளிவானது. அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல்.

வேகஸ் பிடியை ஒரு துடிப்புக்குள் மாற்ற முடியும். ஆனால் பயந்தபோது அட்ரீனல் சுரப்பி இரத்தத்தில் கொட்டிய அட்ரினலின் அப்படி இல்லை. அது இரத்தத்திலிருந்து கழிய வேண்டும், நிமிடங்கள் ஆகும். பின்னால் அடித்த ஹாரன் யாருக்கோ என்று தெரிந்த பிறகும் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கிறதே, புத்தி சொல்லி நிறுத்த முடியவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். காத்திருக்கத்தான் வேண்டும். நீளமாக மூச்சை விடுவது வேகஸுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

விளையாட்டாகச் சோதிக்கக் கூடாதவை சில. முகம் ஒரு பக்கம் திடீரென்று கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது: இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. முதுகு வலியோடு இரண்டு தொடைகளுக்கும் இடையே உள்ள பகுதி மரத்து, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனாலும் அப்படியே. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் சில நிமிடத்தில் குறுகுறுத்துச் சரியாகிவிட்டால் அது வேறு விஷயம், அழுத்தப்பட்ட இழைகள் விழித்துக்கொண்டு ஒழுங்கில்லாமல் துடிப்பதுதான் அந்தக் குறுகுறுப்பு.

அறுந்த நரம்பின் வேகம்

இப்போது என்னிடம் வரும் ஒருவருக்குக் கண்ணாடி கிழித்து, மணிக்கட்டுக்கு மேலே மீடியன் நரம்பு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சையில் தைத்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை இப்படி வளர்ந்து சேருவதில்லை. கை கால் நரம்புகளில் வளரும். ஆனால் தைத்ததும் மின்கம்பியை ஒட்டியது போல ஆகிவிடாது. வெட்டுக்கு அப்பால் இருந்த இழை செத்துவிடும், பழைய உறைக்குள் புது முனை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல ஊர்ந்து போக வேண்டும்.

அது எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க 1915-ல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டினெல் சொன்ன வழி போதும். விரல் நுனியால் நரம்பின் வழி நெடுகத் தட்டிக்கொண்டே போகிறேன். வளரும் முனையின் மேல் தட்டும்போது, இன்னும் மரத்தே இருக்கும் ஆள்காட்டி விரலில் அவருக்குச் சுரீர் என்கிறது. முதலில் சொன்ன முழங்கை விவகாரமேதான். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. மை அழிந்துவிடும் என்பதால் மணிக்கட்டு மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவருடைய தாளில் குறித்து வைக்கிறேன். போன மாதம் புள்ளி சரியாக மடிப்பின் மேல் இருந்தது. இந்த வாரம் மடிப்பைத் தாண்டி 3 செ.மீ., உள்ளங்கைக்குள். "விரல் நுனிக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்துப் புள்ளியிலிருந்து விரல் நுனி வரை வைத்துக் காட்டினேன். 15 செ.மீ. அவரே விரல் விட்டு எண்ணினார், ஐந்து மாதம்.